கலத்தலும் அளத்தலும்: பினாங்குத் தமிழரின் மாட்டுத்தீவன அறிவும் அதன் சொற்களும்

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக்காக வழங்கப்பட்ட கால்நடைகளின் கணக்கு விரிவாகக் காணப்படுகிறது. ஒரு விளக்குக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 என்பது அக்காலத்து அளவு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்து தரவேண்டும். கொடுத்த மாடு எத்தனை, வரவேண்டிய நெய் எவ்வளவு என்பவற்றைக் கல் நமக்குச் சொல்கிறது. அந்நெய் வருவதற்காக மாட்டின் முன் என்ன வைக்கப்பட்டது, எதனோடு எது கலக்கப்பட்டது, எவ்வளவு இடப்பட்டது என்பவற்றைக் கல் சொல்லவில்லை. அவ்வறிவு எழுத்தில் ஏறவில்லை. இடையர் வீட்டுப் பேச்சிலேயே தங்கியிருந்தது.

பேச்சில் மட்டும் தங்கிய அறிவுக்கு ஓர் இடர் உண்டு. பேசுவோர் தொழில் மாறினால், அல்லது இடம் பெயர்க்கப்பட்டால், அறிவும் சொல்லும் ஒருசேர மறையும். பினாங்கில் இது நம் கண்முன்னே நிகழ்ந்திருக்கிறது. ஆகவே இப்பொழிவில் மூன்று செய்திகளைத் தொடர்புபடுத்திக் காண முற்படுகிறோம். தமிழர் மாட்டுத்தீவனத்தைப் பற்றி வழங்கிய சொற்கள் எவற்றை உணர்த்துகின்றன என்பது ஒன்று. தீவனங்களைக் கலப்பதும் அவற்றின் அளவைக் கூட்டுவதும் மாட்டின் செரிமானத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்று கடந்த 160 ஆண்டுகளில் அறிவியல் கண்டறிந்தது மற்றொன்று. இவ்விரண்டும் பினாங்குத் தொழுவங்களில் எவ்வாறு சந்தித்தன என்பது மூன்றாவது.

சொற்கள் காட்டும் அறிவு

தின் என்னும் வினையடியிலிருந்து தீனி பிறந்தது. அதே அடியின் பிறவினையாகிய தீற்று என்பது ஊட்டுதலைக் குறிக்கும். விலங்கு தானாகத் தின்பதும் மனிதர் அதற்குத் தின்னக் கொடுப்பதும் ஒரே வேரின் இரு கிளைகளாகத் தமிழில் நிற்கின்றன. மேய்ச்சலும் கட்டுத்தறித் தீனியும் வெவ்வேறு செயல்கள் என்பதை மொழி முன்பே பிரித்து வைத்திருந்தது.

கூலம், கூளம் என்னும் இணையைக் காண்க. லகரத்தால் ஆகிய கூலம் தானியம், மனிதருக்கு உரியது. ளகரத்தால் ஆகிய கூளம் வைக்கோற் சிதைவு, மாட்டுக்கு உரியது. ஒரே வயலின் விளைவு இரண்டாகப் பிரிவதை ஓர் எழுத்தின் வேறுபாடு காட்டி நிற்கிறது. இவ்விரு ஒலிகளையும் பிரித்து ஒலிக்காத வழக்கில் இந்நுட்பம் மங்கிவிடும்.

எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் சக்கை ஏட்டு வழக்கில் பிண்ணாக்கு, பேச்சில் புண்ணாக்கு. பெண் என்பது பொண்ணு என்றும் பிள்ளை என்பது புள்ளை என்றும் ஆவதைப் போலவே, இதழொலிக்கும் நாவளை ஒலிக்கும் இடைப்பட்ட முன்னுயிர் இதழ்குவிந்த உயிராக மாறுகிறது. இது பிழை வழக்கன்று. ஒலியியல் விதிக்கு உட்பட்ட ஒழுங்கான மாற்றமே. பினாங்குத் தமிழர் நாவிலும் இச்சொல் புண்ணாக்கு என்றே வழங்கி வந்துள்ளது. இனி நாமும் அவ்வாறே எழுதுவோம்.

‘மாட்டுக்குத் தண்ணி காட்டுதல்’ என்னும் தொடர் ஆராயத்தக்கது. இங்குத் தண்ணீர் என்பது வெறும் நீரன்று. அரிசி கழுவிய கழுநீரில் தவிட்டையும் ஊறவைத்த புண்ணாக்கையும் கரைத்து வைப்பதே தண்ணீர் காட்டுதலாகும். உலர்ந்த வைக்கோல் ஒருபுறம், கரைத்த தவிடும் புண்ணாக்கும் மறுபுறம் என்னும் கலப்பு முறை இத்தொடருக்குள் அடங்கியிருக்கிறது. அக்கழுநீர் பேச்சில் கழனித்தண்ணி ஆயிற்று. வயலைக் குறிக்கும் கழனியோடு ஒலியால் ஒன்றியது.

இறுதியாக அசை. யாப்பிலக்கணத்தில் நேரசை, நிரையசை என்று சீரின் உறுப்பாக நிற்கும் சொல், தொழுவத்தில் விழுங்கிய உணவை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லும் செயலைக் குறிக்கிறது. மாடு வளர்ப்போர் காலையில் முதலில் நோக்குவது மாடு அசைபோடுகிறதா என்பதையே. அசை நின்றதென்றால் வயிற்றில் ஏதோ கேடு என்று கொள்வர். கால்நடை மருத்துவரும் இன்று இதனை உடல்நலத்தின் முதன்மையான அறிகுறிகளுள் ஒன்றாகவே கொள்கின்றனர்.

தாயகத்தின் ஒரு கலப்பு

தமிழகத்தில் கலப்புத் தீவன அறிவுக்குச் சிறந்த சான்று கொங்கு நாட்டின் கொறங்காடு ஆகும். காங்கேயம் மாட்டினம் வளர்ந்த வறண்ட நிலப்பரப்பில் கொழுக்கட்டைப் புல் முதன்மைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் உயிர்வேலி. மழைக்குப்பின் பசும்புல் கிடைக்கும். கோடையில் புல் காய்ந்து சத்துக் குறையும்போது வெள்வேலங் காய்கள் மாட்டுக்கு உணவாகும். காய்ந்த புல்லில் நார் மிகுதி, புரதம் குறைவு. பயற்றினத்தைச் சேர்ந்த வேலங்காயில் புரதம் மிகுதி. இரண்டும் ஒரே வேலிக்குள் ஒரே பருவத்தில் கிடைக்கும்படி நிலம் பேணப்பட்டது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புதல் என்னும் கொள்கை அங்கு நிலத்திலேயே அமைந்திருந்தது.

பினாங்குக்கு வந்த மாடும் மாறிய தீவனமும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவியதற்குப்பின் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் உழைப்பாளரும் இங்கு வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குளுகோர்ப் பகுதியில் டேவிட் பிரௌன் குடும்பத்தாரின் தோட்டம் பெருகியது. சாதிக்காய் அத்தோட்டத்தின் பெயர்பெற்ற விளைபொருள்களுள் ஒன்று. சாதிக்காய் மரம் மிகுந்த எரு கேட்கும் மரம். மாடு அங்குப் பாலுக்கு மட்டுமன்றி எருவுக்கும் வேண்டியதாயிற்று.

அத்தோட்டத்தின் நினைவைப் பெயரில் தாங்கிய ஊர்தான் கம்போங் புவா பாலா. மலாயில் புவா பாலா என்பது சாதிக்காய். சொற்பிறப்பில் தமிழ்ப் ‘பால்’ என்பதோடு தொடர்பில்லை. ஆயினும் மாடு வளர்த்துப் பால் விற்ற தமிழர் வாழ்ந்த ஊருக்கு அப்பெயர் அமைந்தது வியப்புக்குரிய ஒலி ஒற்றுமை. அவ்வூரார் தம் முன்னோர் பிரௌன் தோட்டத்தில் உழைத்தோர் என்று வழிவழியாகக் கூறிவந்தனர். பட்டியும் மேய்ச்சலும் பொங்கல் விழாவும் கொண்ட அவ்வூர் ‘தமிழர் ஹை சப்பரல்’ என்னும் பட்டப்பெயரையும் பெற்றிருந்தது.

இங்கு வந்தோர் தம்மொடு சொற்களைக் கொண்டுவந்தனர். தீவனத்தைக் கொண்டுவர இயலவில்லை. சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையும் இத்தீவில் இல்லை. கடலைப் புண்ணாக்கின் இடத்தில் தேங்காய்ப் புண்ணாக்கு வந்தது. ஆண்டு முழுதும் பெய்யும் மழையால் பச்சைப்புல் மிகுதி. ஆனால் இளம்புல்லில் நீரே பெரும்பங்கு. முற்றிய லாலாங் புல்லிலோ நாரே பெரும்பங்கு. அரிசி ஆலைத் தவிடும், தவு எனப்படும் சோயாக் கட்டி செய்தபின் எஞ்சும் சக்கையும் தமிழகத் தொழுவம் அறியாத புதிய சேர்க்கைகளை உண்டாக்கின. சொல் பழையதாகவும் பொருள் புதியதாகவும் நின்ற நிலை இது. புண்ணாக்கு என்னும் ஒரே சொல் நாகப்பட்டினத்தில் எள்ளையோ கடலையையோ, குளுகோரில் தேங்காயையோ சுட்டியது.

நீரிணைக் குடியேற்றங்களுள் மற்றொன்றாகிய சிங்கப்பூரிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் செழித்ததற்குப் புல்லும் நீரும் காரணம். அருகிலிருந்த எள்ளெண்ணெய் ஆலை, கோதுமை அரைவை, அன்னாசிப்பழப் பதனீடு ஆகிய தொழில்களின் கழிவுகள் தீவனமாகக் கிடைத்ததும் காரணம். எருமைப் பட்டி எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் பெயர் அக்காலத்தின் எச்சமாகும்.

அளக்கத் தொடங்கிய அறிவியல்

தீவனத்தின் மதிப்பை அளந்தறியும் முயற்சி 1860களில் ஜெர்மனியில் கேட்டிங்கன் நகருக்கு அருகிலுள்ள வேண்டே ஆய்வு நிலையத்தில் உறுதியான வடிவம் பெற்றது. ஹென்னபெர்க், ஸ்டோமன் என்னும் இருவர் தீவனத்தின் புரதம், கொழுப்பு, நார் முதலியவற்றைப் பிரித்தளக்கும் முறையை வகுத்தனர். உண்டதில் எவ்வளவு, சாணத்தில் எவ்வளவு என்று நிறுத்து, இடைப்பட்டதைச் செரித்த அளவாகக் கொண்டனர். பின்னர் மெக்கெர்ன் ஆய்வு நிலையத்தில் ஆஸ்கர் கெல்னர் ஒவ்வொரு தீவனத்துக்கும் மாவுப்பொருளின் அளவில் ஓர் ஈடு கணக்கிட்டார். இவர் அதற்குமுன் தோக்கியோவில் பத்தாண்டுக்கும் மேலாகக் கற்பித்து, ஆசிய வேளாண்மையை நேரில் அறிந்தவர்.

இந்தியாவிலும் இவ்வளவை முறை பரவியது. 1920களில் பெங்களூரின் அரசு கால்நடை, பால்பண்ணை நிலையத்தில் உள்நாட்டுத் தீவனங்கள் ஆராயப்பட்டன. பின்னர்க் கே. சி. சென் இந்தியத் தீவனங்களின் சத்து மதிப்புகளைத் தொகுத்த அறிக்கை நெடுங்காலம் கைந்நூலாக விளங்கியது.

இக்கணக்குகளுக்கெல்லாம் அடியில் ஒரு கருதுகோள் இருந்தது. வைக்கோலுக்கு ஒரு மதிப்பு, புண்ணாக்குக்கு ஒரு மதிப்பு. இரண்டையும் கலந்தால் இரண்டின் கூட்டுத்தொகை கிடைக்கும் என்பதே அது. மாட்டின் வயிறு இக்கூட்டல் விதிக்குக் கட்டுப்படவில்லை. கலவையின் செரிமானம் சிலபோது கூட்டுத்தொகையினும் மிகுந்தும் சிலபோது குறைந்தும் வருவதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே ஆய்வாளர் குறித்தனர்.

காரணம் வயிற்றின் அமைப்பில் உள்ளது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் சிதைக்கின்றன. நாம் மாட்டுக்கு இடும் தீனி முதலில் இந்நுண்ணுயிர்களுக்கே தீனியாகிறது. நெல் வைக்கோலில் புரதம் ஏறத்தாழ 4 விழுக்காடே. நுண்ணுயிர்கள் நன்கு பெருகுவதற்கு மொத்தத் தீவனத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு வேண்டும். வைக்கோலை மட்டும் இட்டால் நுண்ணுயிர் பசித்திருக்கும். வைக்கோல் செரியாமல் வயிற்றில் நெடுநேரம் தங்கும். மாடு மேலும் தின்னாது. வயிறு நிறைந்தும் உடல் மெலியும் நிலை அது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 6 கிலோ வைக்கோலில் உள்ள புரதம் 240 கிராம். புரதம் 20 விழுக்காடுள்ள தேங்காய்ப் புண்ணாக்கில் 1.5 கிலோ சேர்த்தால் அதிலிருந்து 300 கிராம் வரும். மொத்தம் 7.5 கிலோவில் 540 கிராம், அதாவது 7.2 விழுக்காடு. பசித்த நுண்ணுயிருக்குப் போதிய உணவு கிடைத்துவிட்டது. இப்போது புண்ணாக்கு தன் சத்தைத் தருவதோடு வைக்கோலின் செரிமானத்தையும் உயர்த்துகிறது; மாடு வைக்கோலை மேலும் விரும்பித் தின்கிறது. கூட்டலைவிட மிகுந்த பயன் இங்குக் கிடைக்கிறது.

மறுதலையான நிலையும் உண்டு. மாவுச்சத்து மிகுந்த அரிசி, குருணை, மரவள்ளிக்கிழங்கு போன்றவற்றை அளவுக்குமேல் கலந்தால் அவை விரைந்து புளித்து இரைப்பையின் அமிலத்தன்மையை உயர்த்தும். நார் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தைத் தாங்கமாட்டா. அவை தளர்ந்ததும் வைக்கோலின் செரிமானம் குறையும். நல்ல தீவனம் ஒன்று மற்றொரு தீவனத்தின் பயனைக் கெடுத்துவிடுகிறது.

மிகுதியாகத் தின்றால் மிகுதியாகச் செரிக்குமா?

கலத்தலைப் போன்றே அளத்தலும் செரிமானத்தை மாற்றும். ஸ்காட்லாந்தில் கென்னத் பிளாக்ஸ்டரும் அவர்தம் துணைவரும் 1950களில் ஆடுகளை வைத்து இதனை விளக்கினர். தின்னும் அளவு கூடும்போது உணவு இரைப்பையை விரைந்து கடந்து செல்கிறது. நுண்ணுயிர் தம் வேலையை முடிக்கப் போதிய நேரம் கிடைப்பதில்லை. தீவனத்தை மிக நுண்ணிதாக அரைத்தாலும் இதுவே நேரும்.

1970களில் அமெரிக்கக் கறவைமாட்டு ஆய்வுகள் இதற்கு ஓர் எண்ணைத் தந்தன. உடலைப் பேணுவதற்கு மட்டும் வேண்டிய தீனியைப் பேணளவு என்போம். தீனி ஒவ்வொரு பேணளவு கூடும்போதும் செரிக்கும் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 4 குறைகிறது. பேணளவில் நூற்றுக்கு 70 பங்கு செரிக்கும் தீவனம், மூன்று மடங்கு தின்னும் மாட்டில் ஏறத்தாழ 62 பங்கே செரிக்கும். எனினும் செரித்த மொத்தம் 70இலிருந்து 186ஆக உயர்கிறது. ஆகவேதான் நிறையத் தின்னும் மாடு நிறையக் கறக்கிறது. குறைவது பங்கு, கூடுவது மொத்தம். தானியம் மிகுந்த கலவையில் இக்குறைவு பெரிதாகவும், புல் மட்டும் உள்ள தீனியில் சிறிதாகவும் காணப்படும். ஆகவே கலப்பும் அளவும் தனித்தனிக் காரணங்களல்ல. ஒன்றன் விளைவை மற்றொன்று மாற்றுகிறது.

முன்னோர் அறிந்தனவும் அறியாதனவும்

இவ்வறிவியல் முழுவதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று கூறுவது நம் நோக்கமன்று. நுண்ணுயிர் என்னும் கருத்து அவர்களிடம் இல்லை. கறவைமாட்டுக்கே புண்ணாக்கு, வற்றிய மாட்டுக்கு வைக்கோல் என்னும் வழக்கம் பெரிதும் வறுமையின் விளைவு; சினைப்பட்ட வற்றுமாடு அதனால் மெலிந்ததும் உண்டு. நாளொன்றுக்குச் சில படி கறந்த நாட்டுமாட்டுக்கு ஏற்ற அளவை, பல மடங்கு கறக்கும் கலப்பினப் பசுவுக்கு அப்படியே பொருத்தவும் இயலாது.

ஆயினும் அவர்கள் கண்டறிந்த ஒழுங்கு உண்மையானது. வைக்கோலோடு புண்ணாக்கைச் சேர்த்தனர். அடர்தீவனத்தை ஒரேயடியாக இடாது கறவைக்கு ஒன்றாக இருவேளையும் பகிர்ந்தனர். அசைபோடுவதை நாளும் நோக்கினர். இம்மூன்றும் இன்றைய தீவனவியல் ஒப்புக்கொள்ளும் நெறிகளே.

அவ்வொழுங்கு தளரும் இடத்தில் என்ன நேரும் என்பதற்கு மாட்டுப் பொங்கலே சான்று. நன்றிக்குரிய நாளில் அன்பு மிகுதியால் பொங்கற் சோற்றையும் வெல்லத்தையும் பழத்தையும் மாட்டுக்கு வரையின்றி ஊட்டுவோர் உளர். ஒரே வேளையில் பெருகிய மாவும் இனிப்பும் இரைப்பையில் அமிலமாகி, வயிறு உப்பி, அசை நின்று, மாடு இறப்பதும் உண்டு. தமிழகத்துக் கால்நடை மருத்துவர் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி இதனை எச்சரிக்கின்றனர். கையளவு ஊட்டுவது வழிபாடு. குடமளவு ஊட்டுவது நஞ்சு.

மலேசியாவின் இன்றைய தீவனங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு இந்நாட்டில் மலிந்து கிடைப்பது. புரதம் ஏறத்தாழ 14 முதல் 18 விழுக்காடு. இறைச்சி மாட்டுக்கு அதனை மிகுந்த பங்கில் இடலாம். ஆனால் அதில் செம்பு மிகுதி. செம்மறியாட்டுக்கு நெடுநாள் மிகுதியாக இட்டால் ஈரலில் செம்பு சேர்ந்து நச்சாகும். 1969இல் நிறுவப்பட்ட மார்டி ஆய்வு நிலையம் செம்பனை மட்டையையும் தீவனமாக்கும் வழிகளை ஆராய்ந்துள்ளது. நார் மிகுந்த மட்டையும் புரதம் தரும் புண்ணாக்கும் சேரும் இக்கலவை, வைக்கோலும் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்ந்த பழைய கலவையின் வழித்தோன்றலே.

தொழுவம் போனபின் சொல்

கம்போங் புவா பாலாவின் நிலம் கைமாறி, வீட்டு மேம்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரார் நீதிமன்றம் சென்றனர். வழக்கு அவர்களுக்கு எதிராக முடிந்தது. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. பல குடும்பங்களுக்கு ஈடாக இரண்டு மாடி வரிசை வீடு கிடைத்தது. வரிசை வீட்டில் தொழுவத்துக்கு இடமில்லை. மாடு போயிற்று, மாட்டோடு கூளமும் கழனித்தண்ணியும் தண்ணி காட்டுதலும் அன்றாடப் பேச்சிலிருந்து நீங்கின.

அவ்வழக்கின் நீதி அநீதியை இங்கு ஆராயப் புகவில்லை. மொழியறிஞர் நோக்கில் நமக்குத் தெரியும் இழப்பு ஒன்று உண்டு. தமிழகத்து வட்டார வழக்கு அகராதிகளில் கொங்கு நாட்டுச் சொல்லும் நெல்லைச் சொல்லும் இடம்பெறுகின்றன. தேங்காய்ப் புண்ணாக்கையும் லாலாங் புல்லையும் தவுச் சக்கையையும் கலந்த பினாங்குத் தொழுவத்தின் வழக்கை அவ்வகராதிகள் தாமாகத் தேடிவரப் போவதில்லை. அதனைத் தொகுக்கும் கடமை இந்நாட்டுத் தமிழருடையது.

செய்யத்தக்கவை மிகப் பெரியனவல்ல. மாடு வளர்த்த முதியோர் இன்னும் குளுகோரிலும் செபராங் பிறையிலும் உள்ளனர். என்ன தீவனம், எதனோடு கலந்தது, எந்தப் படியால் அளந்தது, எந்த வேளையில் இட்டது, மாடு நோயுற்றால் எதை நிறுத்தியது என்னும் ஐந்து வினாக்களை அவர்களிடம் கேட்டு, விடையை அவர்தம் சொல்லிலேயே ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். ஏட்டு வழக்குக்கு மாற்றித் திருத்தி எழுதுதல் கூடாது. புண்ணாக்கு என்றால் புண்ணாக்கு என்றே எழுதுக. மாணவர் ஒருவர் ஒரு விடுமுறையில் ஒரு முதியவரைக் கண்டாலும் போதும். தஞ்சைக் கல்வெட்டு எழுதாமல் விட்ட பக்கத்தின் ஒரு பகுதியையேனும் பினாங்குத் தமிழர் எழுதிவைக்க இயலும். அம்முதியோர் நம்மிடையே உள்ளபோதே அதனைத் தொடங்குவோம்.